பறவைக் காய்ச்சல் மனிதருக்கு வந்தால் ஏன் இப்படி முற்றுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு ஊர் நாமக்கல் பக்கம். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் முட்டைப் பண்ணை வைத்திருக்கிறார்கள். நான் கல்லூரியில் நுண்ணுயிரியல் பாடம் எடுக்கிறேன். இந்த இரண்டும் சேர்ந்ததால், கேரளத்துக் குட்டநாட்டில் வாத்துகள் சாகின்றன என்று செய்தி வந்த மறுநாளே என் போன் அடிக்கத் தொடங்கிவிடும். பண்ணைக்காரர் கேட்பதும் மாணவர் கேட்பதும் சுற்றி வளைத்துப் பார்த்தால் ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

பறவைக் காய்ச்சல்னா நமக்கு வர்ற ஃப்ளூ தானுங்களா, இல்ல வேறயா?

ஒரே குடும்பம். இரண்டுமே இன்ஃப்ளூயன்சா ஏ வைரஸ்தான். வைரஸின் மேல்தோலில் துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு புரதங்களை வைத்துப் பெயர் வைக்கிறார்கள்: எச் என்பது ஹீமக்ளூட்டினின், செல்லைப் பற்றிக்கொள்ள, என் என்பது நியூராமினிடேஸ், பெருகிய பின் செல்லிலிருந்து விடுபட. வருடாவருடம் நமக்கு வருவது எச்1என்1, எச்3என்2. கோழிகளைக் கொத்துக்கொத்தாகச் சாய்ப்பது பெரும்பாலும் எச்5என்1.

இன்று உலகம் சுற்றும் எச்5என்1-இன் மூதாதை 1996-இல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்து வாத்தினப் பறவை ஒன்றில் கண்டறியப்பட்டது. மறு வருடமே ஹாங்காங்கில் 18 பேருக்குத் தொற்றியது, 6 பேர் இறந்தார்கள். நேரடியாகப் பறவையிடமிருந்து வந்து மனிதரைக் கொல்லும் என்று அதற்கு முன் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. ஹாங்காங் அரசு சில நாட்களுக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகளைக் கொன்று அதை நிறுத்தியது. இந்தியாவில் பண்ணைக் கோழிகளுக்கு முதலில் வந்தது 2006-இல், மகாராஷ்டிராவின் நவாபூரில்.

கோழிக்கறி, முட்டை சாப்பிடலாமுங்களா? அதை மட்டும் சொல்லுங்க.

நன்றாக வெந்திருந்தால் சாப்பிடலாம். உள்ளே நடுப்பகுதி வரை 70 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் வைரஸ் செத்துவிடும். நம் வீட்டுக் குழம்பு கொதிக்கிற கொதியில் அது பிழைக்காது. நோய் பரவியிருக்கும் சமயத்தில் ஆஃப்பாயிலையும், உடம்புக்கு நல்லது என்று நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாக உடைத்துக் குடிப்பதையும் விட்டுவிடுங்கள்.

ஆபத்து தட்டில் இல்லை, அதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறது. நோயுற்ற கோழியை அறுப்பது, இறகு பிடுங்குவது, குடல் எடுப்பது. வெந்நீரில் முக்கி இறகு பிடுங்கும்போது கிளம்பும் நுண்துளிகளை நாம் மூச்சில் இழுக்கிறோம். 2025 மார்ச்சில் ஆந்திராவின் பல்நாடு மாவட்டத்தில் இரண்டு வயதுப் பெண் குழந்தை எச்5என்1-ஆல் இறந்தது. கறி நறுக்கும்போது பச்சைத் துண்டு ஒன்றைக் கொடுத்ததாக வீட்டார் சொன்னதாகச் செய்தி வந்தது.

அப்படீன்னா பண்ணையில வேலை செய்யற எல்லாருக்கும் வந்திருக்கணுமே? ஏன் வரல?

நல்ல கேள்வி. கோடிக்கணக்கான பறவைகள் செத்திருக்கின்றன, அவற்றைத் தொட்டவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். ஆனால் 2003 முதல் 2025 வரை உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் வந்த எச்5என்1 நோயாளிகள் சுமார் 990 பேர்தான். வைரஸுக்கு மனித உடம்பு பழக்கமில்லாத வீடு. உள்ளே நுழைவதே கஷ்டம். நுழைந்துவிட்டால்தான் தொல்லை.

எதிர்ப்புச் சக்தியின் மரபணுவிலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. எம்எக்ஸ்1 என்றொரு மரபணு நம் செல்லுக்குள் பறவை வைரஸைத் தடுக்கும் காவல்காரன். சீனாவில் எச்7என்9 என்ற இன்னொரு பறவைக் காய்ச்சல் வந்த நோயாளிகளிடம் இந்த மரபணுவின் பழுதான வடிவங்கள் வழக்கத்தைவிட அதிகமாக இருந்ததை 2021-இல் கண்டுபிடித்தார்கள். ஒரே கொட்டகையில் வேலை பார்த்த இரண்டு பேரில் ஒருவர் மட்டும் படுப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

வந்தவங்கள்ல பாதிப் பேர் செத்துப்போறாங்கன்னு படிச்சேன். நெசமா?

மேலே சொன்ன 990 பேரில் ஏறக்குறைய 475 பேர் இறந்தார்கள். கணக்குப்படி பாதிக்குப் பாதிதான். ஆனால் அது ஆஸ்பத்திரி வரை வந்து பரிசோதனையும் ஆனவர்களின் கணக்கு. இரண்டு நாள் காய்ச்சலோடு வீட்டிலேயே சரியானவரை யாரும் எண்ணவில்லை. ஆகவே உண்மையான விகிதம் இதைவிடக் குறைவு என்றுதான் நானும் நினைக்கிறேன்.

நாட்டுக்கு நாடும் மாறுகிறது. எகிப்தில் 359 பேரில் 120 பேர் இறந்தார்கள், மூன்றில் ஒரு பங்கு. இந்தோனேசியாவில் 200 பேரில் 168 பேர். எகிப்தில் நோயாளிகள் பலர் குழந்தைகள், சீக்கிரமாக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். இந்தோனேசியாவில் டெங்கு என்றும் டைபாய்டு என்றும் நினைத்து நாட்கள் போய்விட்டன. அந்த நாட்களுக்குள் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் அடுத்த சில பதில்கள்.

சாதா சளிக்காய்ச்சல் மூக்கு, தொண்டையோட நிக்குது. இது மட்டும் ஏன் நேரா நுரையீரலுக்குப் போகுது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

வைரஸ் செல்லுக்குள் போக, செல்லின் மேற்பரப்பில் உள்ள சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை நுனியைப் பற்ற வேண்டும். அந்த நுனி, அடியில் உள்ள சர்க்கரையோடு இரண்டு விதமாக இணைந்திருக்கும்: ஆல்பா 2,3 ஒன்று, ஆல்பா 2,6 இன்னொன்று. பறவையின் குடலில் முதல் வகை. நம் மூக்கிலும் தொண்டையிலும் பெரும்பாலும் இரண்டாம் வகை. அதனால்தான் மனித ஃப்ளூ மூக்கில் வசதியாக உட்கார்ந்து தும்ம வைக்கிறது. பறவை வைரஸுக்கு அங்கே பிடி கிடைப்பதில்லை. ஆனால் நுரையீரலின் அடியாழத்தில், காற்றுப்பைகளில், பறவை வகை நுனிகள் நமக்கும் உண்டு. 2006-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே இதைக் காட்டின. ஆக, மூச்சோடு ஆழம் வரை போய்ச் சேரும் மிகச் சிறிய துளியில் இருக்கும் வைரஸுக்கு அங்கே பிடி கிடைக்கிறது.

வெப்பமும் ஒரு காரணம். பறவையின் உடல் சூடு 41 டிகிரி வாக்கில். வெளிக்காற்று படும் நம் மூக்கு 33 டிகிரி. பறவை வைரஸின் நகலெடுக்கும் இயந்திரம் அந்தக் குளிரில் மந்தமாகிவிடும். நுரையீரல் அடியில் 37. அங்கே அதனால் ஓரளவு சமாளிக்க முடியும். இன்னும் ஒன்று: பிபி2 என்ற வைரஸ் புரதத்தில் 627-ஆவது இடத்தில் குளூட்டமிக் அமிலம் போய் லைசின் வந்தால், பாலூட்டிச் செல்லில் நகலெடுப்பு சூடுபிடிக்கும். இந்த மாற்றம் பல சமயம் நோயாளியின் உடம்புக்குள்ளேயே நடந்துவிடுகிறது.

காற்றுப்பைக்குள்ள போய் அப்படி என்னதான் பண்ணுது?

காற்றுப்பையின் சுவர் மிக மெல்லியது. இந்தப் பக்கம் காற்று, அந்தப் பக்கம் ரத்தம், நடுவில் ஒரு மைக்ரானுக்கும் குறைவான இடைவெளி. அந்தச் சுவரில் இரண்டு வகைச் செல்கள். முதல் வகை தகடுபோல் விரிந்து வாயுவைக் கடத்தும். இரண்டாம் வகை உருண்டையானது. காற்றுப்பை ஒட்டிக்கொண்டு சுருங்காமலிருக்க ஒரு வழவழப்பான திரவத்தைச் சுரப்பது அதுதான். முதல் வகை அடிபட்டால் தானே பிரிந்து அந்த இடத்தை அடைப்பதும் அதுதான். அதாவது கட்டடத்தின் கொத்தனார். எச்5என்1 குறிவைப்பது இந்த இரண்டாம் வகையை.

கொத்தனார் போனால் என்ன ஆகும்? வழவழப்பு குறைந்து காற்றுப்பைகள் மடங்குகின்றன. சுவர் ஒழுகி, ரத்தத்தின் நீரும் புரதமும் உள்ளே வழிகின்றன. அந்தப் புரதம் சுவரோடு ஒரு படலமாய் ஒட்டிக்கொள்கிறது. பழுது பார்க்க ஆளில்லை. மூச்சு இழுத்தாலும் ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போவதில்லை. மருத்துவர்கள் ஏஆர்டிஎஸ் என்று சொல்வது இந்த நிலையைத்தான். வென்டிலேட்டர் தேவைப்படுவது இதனால்தான்.

நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே ஆளைக் கொல்லுதுன்னு சொல்றாங்களே, சைட்டோகைன் புயல்னு?

பாதி உண்மை. காற்றுப்பைகளில் விழுங்கு செல்கள் காவல் இருக்கின்றன. எச்5என்1 அவற்றுக்குள்ளும் புகுந்துவிடும். அப்போது அவை மனித ஃப்ளூவுக்குக் கத்துவதைவிடப் பல மடங்கு கத்துகின்றன: டிஎன்எஃப் ஆல்பா, ஐபி-10, இன்டர்லூக்கின்-6 என்று அழைப்புச் சமிக்ஞைகள் (இவைதான் சைட்டோகைன்கள்) ரத்தத்தில் குவிகின்றன. வெள்ளை அணுக்கள் கூட்டமாக வந்து, வைரஸை அடிக்கிற வேகத்தில் சுவரையும் இடிக்கின்றன. வைரஸை அடையாளம் கண்டு கொல்ல வேண்டிய டி செல்களின் எண்ணிக்கையோ சரிகிறது.

சரி, மீதிப் பாதி? வியட்நாமில் 18 எச்5என்1 நோயாளிகளை ஆராய்ந்து 2006-இல் ஓர் ஆய்வு வந்தது. அவர்களில் 13 பேர் இறந்தவர்கள். யாருடைய தொண்டையில் வைரஸ் அதிகமோ அவர்களுக்குத்தான் புயலும் அதிகம். புயல் தானாகக் கிளம்பவில்லை, வைரஸ் தடையில்லாமல் பெருகியதால் கிளம்பியது. மறு வருடம் எலிகளில் இந்தச் சமிக்ஞைகளில் சிலவற்றை மரபணு அளவிலேயே நீக்கிப் பார்த்தார்கள். அப்போதும் எலிகள் செத்தன. "உடம்பே உடம்பைக் கொன்றுவிட்டது" என்பது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் வைரஸை அப்பாவியாக்கிவிடுகிறது.

அப்ப கொரோனாவுக்குக் கொடுத்த மாதிரி ஸ்டீராய்டு கொடுத்து அடக்கிடலாமே சார்?

மாணவர்கள் எல்லாரும் இங்கே வந்து நிற்பார்கள். முந்தைய பதிலிலேயே விடை இருக்கிறது: வைரஸ் இன்னும் பெருகிக்கொண்டிருக்கும்போது காவலை மட்டும் அடக்கினால் வைரஸுக்குத்தான் கொண்டாட்டம். வியட்நாமில் ஸ்டீராய்டு கொடுக்கப்பட்ட எச்5என்1 நோயாளிகளிடையே இறப்பு கூடுதலாகவே இருந்தது. கடுமையான ஃப்ளூவுக்கு வழக்கமாக ஸ்டீராய்டு வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வேறு காரணத்துக்காகத் தேவைப்பட்டால் அது மருத்துவர் முடிவு. மருந்துக்கடையில் நாமாக வாங்கிப் போடும் விஷயமில்லை.

நுரையீரலோட நின்னுடுமா? மூளைக்கெல்லாம் போகும்னாங்களே?

கோழியில் எல்லா உறுப்புக்கும் போகிறது. ஏன் என்று பார்த்தால், எச் புரதம் வேலை செய்ய அதை ஓரிடத்தில் வெட்ட வேண்டும். சாதாரண வைரஸுக்கு அந்த வெட்டைப் போடும் நொதி சுவாசப் பாதையிலும் குடலிலும்தான் உண்டு. ஆகவே அங்கேயே நிற்கிறது. கொடிய வகை எச்5-இன் வெட்டுமிடத்தில் லைசினும் ஆர்ஜினினும் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். அதை ஃப்யூரின் என்ற நொதி வெட்டும், அது உடம்பில் இல்லாத இடம் கிடையாது.

மனிதரிலும் சில சமயம் வெளியே போகிறது. தென் வியட்நாமில் 2004-இல் நான்கு வயதுப் பையன் ஒருவன் வயிற்றுப்போக்கு, வலிப்பு, பிறகு கோமா என்று போய் இறந்தான். முதலில் இருமலோ மூச்சுத்திணறலோ இல்லை. மூளைத் தண்டுவட நீரிலும் மலத்திலும் ரத்தத்திலும் வைரஸ் இருந்தது. இரண்டு வாரம் முன்பு அவன் அக்காவும் இறந்திருந்தாள். ஆனால் இது அபூர்வம். பெரும்பாலான மரணங்கள் நுரையீரலால்தான்.

எத்தனை நாள்ல முத்தும்?

தொற்றிய 2 முதல் 5 நாளில் காய்ச்சல் தொடங்கும், சிலருக்கு ஒரு வாரம் தாண்டியும். முதல் சில நாட்கள் காய்ச்சல், உடல்வலி, இருமல், சிலருக்கு வயிற்றுப்போக்கு. எந்த ஃப்ளூவும் இப்படித்தான் தொடங்கும். பிறகு ஐந்தாறு நாளில் மூச்சு வாங்கத் தொடங்கும். இறந்தவர்களில் பலர் காய்ச்சல் தொடங்கி ஒன்பது பத்து நாளில் இறந்திருக்கிறார்கள். ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுவும் தட்டணுவும் குறைந்து, கல்லீரல் நொதிகள் ஏறியிருக்கும். நம் ஊரில் இதைப் பார்த்ததும் டெங்கு என்றுதான் முதலில் தோன்றும்.

மூக்குல குச்சி விட்டு டெஸ்ட் எடுத்தாங்க, நெகட்டிவ். அப்ப இல்லைன்னு அர்த்தமா?

இல்லை. வைரஸ் ஆழத்தில் இருக்கிறது என்றோமே, அதன் விளைவு இது. மூக்கு மாதிரியைவிடத் தொண்டை மாதிரி மேல். குழாய் போட்ட நோயாளிக்கு நுரையீரல் சளியை எடுத்துப் பார்ப்பது அதைவிட மேல். சந்தேகம் வலுவாக இருந்தால் ஒரு நெகட்டிவோடு விடக் கூடாது.

டாமிஃப்ளூ மாத்திரை கேக்குமா?

ஃப்ளூ வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் மாத்திரை அது. கேட்கும், சீக்கிரம் கொடுத்தால். முதல் 48 மணி நேரத்துக்குள் சிறந்தது. ஆறு எட்டு நாள் கழித்துத் தொடங்கியவர்களிடமும் ஓரளவு பலன் தெரிந்ததால், தாமதமாகிவிட்டதே என்று விடுவதில்லை. புயல் பற்றிய பதிலோடு சேர்த்துப் பாருங்கள்: வைரஸ் பெருக்கத்தை முதலிலேயே அடக்கினால் புயலுக்கே இடமில்லை. வியட்நாமில் 2005-இல் மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதே எதிர்ப்புத்தன்மை கொண்ட வைரஸ் இரண்டு நோயாளிகளிடம் தோன்றியது. அதனால் கடுமையான நோயாளிக்கு வேறு மருந்தையும் சேர்த்துக் கொடுப்பதுண்டு. 2024 நவம்பரில் கனடாவில் 13 வயதுப் பெண் ஒருத்திக்கு மூன்று வைரஸ் மருந்துகள் கொடுத்து, ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றும் எக்மோ கருவியில் வைத்துக் காப்பாற்றினார்கள்.

வயசானவங்களுக்குத்தானே ஃப்ளூ ஆபத்து? இதுல ஏன் சின்னப் பசங்களும் வாலிபர்களும் சாகறாங்க?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. நாம் பிறந்த வருடம் நம்மைக் காப்பாற்றலாம் அல்லது கைவிடலாம்!

எச் புரதங்கள் இரண்டு கட்சி. எச்1, எச்2, எச்5 ஒரு பக்கம். எச்3, எச்7 மறுபக்கம். ஒரே கட்சிக்காரர்களுக்குத் தண்டுப்பகுதி ஒத்திருக்கும். குழந்தையாக இருக்கும்போது நமக்கு வரும் முதல் ஃப்ளூவை உடம்பு ஆழமாக நினைவில் வைக்கிறது. 1968-க்கு முன் பிறந்தவர்கள் முதலில் சந்தித்தது எச்1 அல்லது எச்2. அந்த நினைவு அவர்களை எச்5-இலிருந்து ஓரளவு காக்கிறது. 1968-இல் எச்3என்2 வந்தது. அதன் பின் பிறந்த பலருக்கு அந்த எச்5 காப்பு இல்லை, ஆனால் எச்7-க்கு எதிராக உண்டு. எச்5என்1 இளையவர்களையும், எச்7என்9 முதியவர்களையும் அதிகம் தாக்கியதற்கு இது நல்ல விளக்கம் என்று 2016-இல் ஓர் ஆய்வு சொன்னது. முழு விளக்கம் அல்ல. பண்ணையில் யார் கோழி பிடிக்கிறார்கள், சந்தைக்கு யார் போகிறார்கள் என்பதும் கணக்கில் வரும்.

கோழிக்கு ஒண்ணுமே ஆகாம மனுசனைக் கொன்ன வகை ஒண்ணு இருக்காமே?

மேலே வந்த எச்7என்9-தான். 2013-இல் சீனாவில் கிளம்பியது. 1,500-க்கும் மேற்பட்டோருக்கு வந்து 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதல் சில வருடங்கள் அந்த வைரஸில் ஃப்யூரின் வெட்டும் வரிசை கிடையாது. கோழி ஆரோக்கியமாகவே நடமாடும். செத்த கோழியைப் பார்த்து உஷாராகலாம் என்ற வழியே அடைபட்டது. உயிர்க்கோழிச் சந்தைகளை மூடிய நகரங்களில் நோய் சட்டென்று குறைந்தது. 2017-இல் கோழிகளுக்கு எச்7 தடுப்பூசி சேர்த்துப் போடத் தொடங்கியபின் ஏறக்குறைய நின்றே போனது.

ஃப்யூரின் வரிசை இல்லாத வைரஸும் மனிதரைக் கொன்றது என்றால், மனிதரில் நோய் முற்ற அந்த வரிசை கட்டாயமில்லை என்றாகிறது. ஆழமாக நுரையீரலில் இறங்கினாலே போதும்.

அமெரிக்காவுல மாட்டுப் பண்ணை ஆளுங்களுக்குக் கண்ணு செவந்ததோட போயிடுச்சே? அது எச்5என்1 இல்லையா?

அதேதான். 2024 மார்ச்சில் கறவை மாடுகளில் கண்டுபிடித்த பிறகு சுமார் 70 பேருக்கு வந்தது. பெரும்பாலும் கண் சிவப்பும் லேசான காய்ச்சலும். கறக்கும்போது பால் கண்ணில் தெறித்திருக்கலாம். நம் கண்ணின் வெண்படலத்தில் பறவை வகை சர்க்கரை நுனி உண்டு, வைரஸ் அங்கேயே பிடித்துக்கொள்கிறது, ஆழம் வரை போகவில்லை. பலருக்கு மாத்திரையும் சீக்கிரம் கிடைத்தது. 2003-இல் நெதர்லாந்தில் எச்7என்7 வந்தபோதும் 89 பேரில் பெரும்பாலோருக்குக் கண் நோய்தான். ஆனால் ஒரு கால்நடை மருத்துவர் நிமோனியாவில் இறந்தார்.

அமெரிக்காவிலும் அப்படியே. வீட்டில் கோழி வளர்த்த லூசியானாக்காரர் ஒருவர் 2025 ஜனவரியில் இறந்தார். வயது 65-க்கு மேல், வேறு நோய்களும் இருந்தன. அவருக்கும் அந்தக் கனடாப் பெண்ணுக்கும் வந்தது மாட்டு வகை அல்ல, காட்டுப் பறவைகளில் சுற்றிய இன்னொரு கிளை. கனடாப் பெண்ணுக்கும் முதலில் கண்தான் சிவந்தது. ஆக, கண் சிவப்பு என்றால் லேசானது என்று முடிவுகட்ட வேண்டாம்.

ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு ஒட்டுமா?

அரிதாக, மிக நெருக்கமாகக் கூட இருந்து பார்த்துக்கொண்டவர்களுக்கு. தாய்லாந்தில் 2004-இல் மகளை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்ட தாய்க்கு வந்தது, இருவரும் இறந்தார்கள். 2006-இல் இந்தோனேசியாவின் வட சுமத்ராவில் ஒரே குடும்பத்தில் ஏழு பேர் இறந்தார்கள். தொற்றியது ரத்த சொந்தங்களுக்குத்தான். எம்எக்ஸ்1 பற்றிச் சொன்னதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் சங்கிலி நீளவில்லை.

காரணம் பழைய பதில்தான். ஆழத்தில் இருக்கும் வைரஸ் தும்மலில் எளிதாக வெளியே வராது. எது நோயைக் கொடியதாக்குகிறதோ அதுவே பரவலையும் தடுக்கிறது.

அப்ப பரவற மாதிரி மாறிட்டா, கொல்ற சக்தி கொறஞ்சுடுமா?

அப்படி ஆறுதல் சொல்ல முடியாது. மூக்கில் பிடி கிடைக்கும்படி எச் புரதம் மாறினால் முதலில் மூக்கில் உட்காரும், ஒரு பகுதி நோயாளிகளுக்கு லேசாக முடியலாம். ஆனால் மூக்கில் பிடிக்கக் கற்றதால் நுரையீரலில் பிடிப்பதை மறந்துவிடும் என்று கட்டாயமில்லை. உலகம் முழுக்கப் பரவிக் கொன்ற 1918-இன் ஃப்ளூ இரண்டையும் செய்தது. பாதிப் பேர் என்ற இன்றைய விகிதம் அப்படியே இருக்காது என்பது என் ஊகம். ஆனால் நூற்றில் இரண்டு பேர் என்றாலும், பரவுகிற நோய்க்கு அது பயங்கரமான எண்.

வருசா வருசம் போடற ஃப்ளூ ஊசி இதைத் தடுக்குமா?

தடுக்காது. ஆனாலும் பண்ணைக்காரர்கள் போட்டுக்கொள்வது நல்லது. ஒரே ஆளுக்கு மனித ஃப்ளூவும் பறவை ஃப்ளூவும் ஒரே சமயத்தில் வந்தால் இரண்டும் மரபணுத் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். அந்த வாய்ப்பை ஊசி குறைக்கிறது. எச்5-க்கென்று தனித் தடுப்பூசிகள் உண்டு. 2024-இல் பின்லாந்து பறவை, விலங்குகளோடு வேலை செய்பவர்களுக்குப் போட முன்வந்தது.

கொட்டகையில கோழி திடீர்னு நெறய சாகுது. எனக்குக் காய்ச்சலும் வந்துடுச்சுன்னா டாக்டர்கிட்ட என்ன சொல்லணும்?

செத்த பறவையை வெறுங்கையால் தொடாதீர்கள், அறுத்துப் பார்க்காதீர்கள், பூனைக்கும் நாய்க்கும் போடாதீர்கள். பூனை இனத்துக்கு இது மிகவும் கொடியது. 2004-இல் தாய்லாந்து விலங்குப் பூங்கா ஒன்றில் பச்சைக் கோழி தின்ற புலிகள் டஜன் கணக்கில் செத்தன. கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். மாதிரி போபாலில் உள்ள தேசிய ஆய்வகத்துக்குப் போகும்.

கடைசியாகப் பறவையைத் தொட்டு 10 நாளுக்குள் காய்ச்சலோ, இருமலோ, கண் சிவப்போ வந்தால், மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்காமல் முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள்: "என் கொட்டகையில் இந்தத் தேதியிலிருந்து கோழிகள் சாகின்றன, நான்தான் எடுத்துப் போட்டேன்." அப்புறம் காய்ச்சல் என்று தொடங்கியது என்ற தேதி. மாஸ்க் போட்டுக்கொண்டு போங்கள். இதைச் சொல்லாவிட்டால் தட்டணு எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு டெங்கு வார்டுக்குத்தான் அனுப்புவார்கள்.